வெந்நீர் இறக்கிவைத்த சுமை

நேயர்களுக்கு வணக்கம்.

தங்கம் அபூர்வமானது என்கிறோம். ஆனால் எந்தச் சாதாரணக் கருங்கல்லிலும் தங்கம் இருக்கத்தான் செய்கிறது. என்ன, ஒரு டன்னுக்குச் சில மில்லிகிராம்தான், எடுத்தால் கட்டுப்படியாகாது. சுரங்கம் வெட்ட டன்னுக்குச் சில கிராமாவது வேண்டும். அதாவது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு செறிவு. செம்புக்கு நூறு மடங்கு போதும்.

சிதறிக் கிடந்ததை ஓரிடத்தில் சேர்த்தது பெரும்பாலும் வெந்நீர். வெறும் நீரால் இது ஆகாது. உப்பிலுள்ள குளோரைடுதான் செம்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு கரைசலில் வைத்திருக்கிறது. தங்கத்துக்குப் பல இடங்களில் கந்தகமே வாகனம்.

1979-இல் கிழக்குப் பசிபிக் முகடு என்ற கடலடி மலைத்தொடரில் ஆல்வின் என்ற நீர்மூழ்கிக் கலத்தில் இறங்கியவர்கள், கடலடியில் கல்தூண்கள் கரும்புகை கக்குவதைப் பார்த்தார்கள். உள்ளே வெப்பமானியை நுழைத்தால், அதைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் உருகிவிட்டது! பிறகு அளந்தபோது வெப்பம் 350 டிகிரி செல்சியசுக்கும் மேல். மேலே நிற்கும் கடலின் அழுத்தத்தால்தான் அந்த நீர் கொதிக்கவில்லை. புகை என்று தெரிந்ததும் புகையல்ல, உலோகமும் கந்தகமும் சேர்ந்த சல்பைடுத் தூள். பாறையைக் கரைத்துக்கொண்டு வந்த வெந்நீர், 2 டிகிரி குளிர்நீரைத் தொட்டதும் சுமையைப் போட்டுவிடுகிறது.

நிலத்தடியில் தங்கம் இறங்கும் விதம் வேறு. நிலநடுக்கத்தில் பாறை பிளந்தால் அழுத்தம் சட்டென விழும், நீர் கொதிக்கும், கந்தகத்தைச் சுமக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஆவியோடு போய்விடும். வாகனத்தை இழந்த தங்கம், அந்தப் பிளவை அடைக்கும் குவார்ட்ஸ் என்ற படிகக் கல்லோடு அங்கேயே தங்கிவிடும். ஒரே பிளவு பலமுறை திறந்து மூடியதை அந்தக் குவார்ட்சின் அடுக்குகளில் எண்ணிப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

போகிற வழியிலுள்ள பாறையையும் வெந்நீர் சும்மா விடுவதில்லை. பாறைகளில் சாதாரணமாக இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை அபிரகமாகவும் களிமண்ணாகவும் மாற்றிவிடுகிறது. செம்புத் தாதுவைச் சுற்றி இந்த மாற்றம் வளையம் வளையமாகப் பல கிலோமீட்டர்கூடப் பரவியிருக்கும். ஆகவே புவியியலாளர்களாகிய நாங்கள் முதலில் தேடுவது தாதுவை அல்ல, இப்படி மாறி வெளுத்த பாறையை.

அமெரிக்காவின் அரிசோனாவில் சான் மானுவேல் என்ற செம்புச் சுரங்கம். 1960-களில் டேவிட் லோவெல் என்ற புவியியலாளர் அங்கே வளையங்களை வரைந்து பார்த்தார். பாதி வட்டம்தான் கிடைத்தது. நிலப்பிளவு ஒன்று தாதுவை இரண்டாக வெட்டி, மறுபாதியை நகர்த்தியிருக்க வேண்டும் என்று கணித்தார். நகர்ந்த திசையில் ஆழமாகத் துளையிட்டார்கள். மறுபாதி அங்கே இருந்தது. இன்று அதற்குக் கலமசூ என்று பெயர்.

நன்றி, வணக்கம்.