பாஸ் பொத்தானில் பிறந்த தாளம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். விரும்பிய பாடல் வானொலியில் வரப்போகிறது என்று தெரிந்ததும், டேப் ரெக்கார்டரில் பதிவுப் பொத்தானையும், நாடாவைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் பாஸ் பொத்தானையும் சேர்த்து அழுத்திவைத்து, அறிவிப்பாளர் பேசி முடித்த கணத்தில் பாஸ் பொத்தானை மட்டும் விடுவித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அந்தப் பொத்தானைக் கொண்டே நியூயார்க் நகரத்து இளைஞர்கள், ராப் பாட்டுக்கு அடித்தளமான ஹிப்-ஹாப் தாளங்களை அமைக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

1973 ஆகஸ்ட் 11 அன்று, பிராங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் கூல் ஹெர்க் இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்ட விருந்தையே ஹிப்-ஹாப்பின் தொடக்கமாகக் கொண்டாடுகிறார்கள். பாட்டும் பிற கருவிகளும் அடங்கி, டிரம்ஸ் தனித்து ஒலிக்கும் சில விநாடிகளுக்காகவே ஆடுபவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்தார். 'பிரேக்' எனப்படும் அந்தப் பகுதியை நீட்டிக்க, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார். அத்தனை கருவிகளை வாங்க வசதியில்லாத சிறுவர்களுக்கு, வீட்டிலிருந்த கேசட் ரெக்கார்டரே வழி காட்டியது.

இசைத்தட்டில் பிரேக் தொடங்கும்போது பாஸ் பொத்தானை விடுவிப்பார்கள். இரண்டு தாளச் சுற்றுகள் முடிந்ததும் அழுத்துவார்கள். தட்டைக் கையால் பின்னோக்கிச் சுழற்றி, மீண்டும் அதே இடத்திலிருந்து பதிவார்கள். நிறுத்தும் பொத்தான் இதற்கு உதவாது. அதை அழுத்தினால் பதிவுத்தலை நாடாவை விட்டு விலகிவிடுவதால், இணைப்பில் இடைவெளியோ 'டக்' என்ற ஓசையோ விழும். பாஸ் பொத்தானை அழுத்தினால் நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை மட்டுமே விலகும். தலை நாடாவைத் தொட்டபடியே காத்திருக்கும்.

இந்த உழைப்பின் அளவை உணர்வதற்காக நானும் ஒருமுறை என் பழைய ரெக்கார்டரில் செய்து பார்த்தேன். நிமிடத்துக்கு 100 அடிகள் விழும் நடையில், எட்டு அடிகள் கொண்ட துண்டு 4.8 விநாடி நீளும். நான்கு நிமிடத் தாளத்துக்கு அதை ஐம்பது முறை பதிய வேண்டும். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. விநாடியில் இருபதில் ஒரு பங்கு தவறினாலும் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு இணைப்பு பிசகிவிடும், ஆடுபவரின் கால் தடுமாறும். உருளை நாடாவைப் பற்றுவதற்குச் சிறு நேரம் ஆவதால், அடி விழுவதற்குச் சற்று முன்னரே விரலை எடுக்க வேண்டும் என்பதும், அந்தச் 'சற்று' கருவிக்குக் கருவி மாறும் என்பதும் எனக்கு அன்றுதான் விளங்கின. பதினேழாவது இணைப்புவரை சரியாக வந்தது; பதினெட்டாவது சமத்தில் விழாமல் பிந்தியது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். அதனால்தான் இதைப் பொழுதுபோக்கு என்றோ வெறும் பயிற்சி என்றோ ஒதுக்குவதை என்னால் ஏற்க முடிவதில்லை. எங்கே வெட்டுவது, எதை விடுவது என்று காதால் தீர்மானிப்பது இசையமைப்புதான். மீண்டும் சொல்கிறேன், அது இசையமைப்புதான்.

இந்தப் பதிவுகளைப் 'பாஸ் டேப்' என்றார்கள். ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு மாற்றும்போதே வேறொரு இசைத்தட்டின் ஒலியைச் சேர்ப்பதும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்திலும் நாடாவின் இரைச்சல் கூடும். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்த ராப் பாடகர் கியூ-டிப், பள்ளி நாள்களில் இவ்வாறு அமைத்த தாளங்களைப் பின்னாளில் எ டிரைப் கால்டு குவெஸ்ட் குழுவின் முதல் இசைத்தொகுப்புக்கு எடுத்துச் சென்றார். அது 1990இல் வெளிவந்தது.

நேரம் முடியப்போவதாகச் சைகை வருகிறது; எஞ்சியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987இல் வந்த எஸ்.பி.-1200 என்ற சாம்ப்ளரில், அதாவது ஒலித் துண்டுகளைச் சேமித்து மீண்டும் ஒலிக்கவிடும் கருவியில், ஏறத்தாழ பத்து விநாடி ஒலியைத்தான் சேமிக்க முடிந்தது. துண்டு துண்டாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் பத்து விநாடி போதுமானதாக இருந்தது. அதற்கு முன்பே, 1979இல், டாஸ்காம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ, சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் வசதியைத் தந்திருந்தது. ஒரு தடத்தில் தாளத்தைப் பதிந்துவிட்டு மற்றொன்றில் குரலைச் சேர்க்க முடிந்தது. கேசட்டின் இரு பக்கங்களுக்கும் உரிய இடத்தை நான்கு தடங்களும் ஒரே திசையில் எடுத்துக்கொண்டு, இரு மடங்கு வேகத்தில் ஓடுவதால், 60 நிமிடக் கேசட் அதில் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். வணக்கம்.