புதுப் பற்றரி போட்டா பெற்றோல் மிச்சமோ?

[காட்சி: விடியப்புறம், போர்ட்டிக்கோவில நிக்கிற வேகன்ஆர். திறப்பு திருப்புற சத்தம். கிர்... கிர்ர்ர்... கிர்.]

இந்தச் சத்தம் உங்களில கனபேருக்கு நல்ல பழக்கமா இருக்கும். பிள்ளையள பள்ளிக்கூடத்தில இறக்கோணும், நேரம் ஏழு பத்தாச்சு, அந்த நேரம் பாத்துத்தான் கார் இப்பிடி முனகும். மூண்டாம் தரம் ஸ்ரார்ட் வந்திட்டுது எண்டு நானும் பேசாம விட்டிட்டன், நாங்கள் எல்லாரும் அப்பிடித்தானே, முழுசா சாகுமட்டும் பற்றரிய ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறேல்ல. ஆனா உண்மையச் சொன்னா கார் அதுக்கு முதலே எனக்கு சொல்லியிருக்கு. கொக்குவில் ரயில் கேற்றில நிக்கேக்க முந்தி எஞ்சின் தானா ஓஃப் ஆகும், கொஞ்ச நாளா அது ஓஃப் ஆகிறதே இல்ல, நான் என்னடா எண்டா ஏசியால எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்.

பிறகு பற்றரி விசாரிக்கப் போன இடத்தில ஒருத்தர் சொல்லுறார், அண்ணை புதுசப் போடுங்கோ, லீற்றருக்கு ரெண்டு கிலோமீற்றர் கூட ஓடும் எண்டு. உது உண்மையோ? பாதி உண்மை. அந்தப் பாதி எது எண்டுறதத்தான் இண்டைக்குப் பாக்கப்போறம்.

[காட்சி: பழைய சைக்கிள், டைனமோ டயரில முட்டுது.]

உங்கட அப்பாட்ட, இல்லாட்டி அப்பப்பாட்ட கேட்டுப் பாருங்கோ. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் யாழ்ப்பாணத்தில பெற்றோலும் இல்ல பற்றரியும் இல்ல, சைக்கிளக் கவிட்டு வச்சு கையால பெடலச் சுத்தி டைனமோவில றேடியோ கேட்ட ஆக்கள் அவை. அந்த டைனமோவ டயரில முட்ட விட்டு உழக்கினா என்ன நடக்கும்? கால் பாரமாகும். வெளிச்சம் சும்மா வாறேல்ல, உங்கட காலில இருந்துதான் வருது. காரில கரண்ட் எடுத்து பற்றரிய சார்ஜ் பண்ணுற அல்ரனேற்றரும் அதேதான், எஞ்சின்தான் உழக்கிற ஆள், பெற்றோல்தான் அவருக்கு சாப்பாடு.

கணக்கொண்டு பாப்பம். ஏசி ஃபான், லைற், பாட்டு எல்லாம் சேர்த்து 30 அம்பியர் இழுக்குது எண்டு வைப்பம், 14 வோல்ற்றில அது 420 வாற். அல்ரனேற்றர் வாங்கிறதில அறுபது வீதம் மட்டிலதான் கரண்டா மாத்தும், மிச்சம் சூடாப் போகும், அப்ப எஞ்சின் 700 வாற் குடுக்கோணும், கிட்டத்தட்ட ஒரு குதிரை வலு. இது பற்றரி நல்லா இருந்தாலும் போற செலவு, புதுசு போட்டாலும் குறையாது. பழுதாப்போன பற்றரி என்ன செய்யுமெண்டா இதுக்கு மேல தானும் வாங்கும். அதுவும் உள்ளுக்க ஆறு செல் இருக்கில்லோ, அதில ஒண்டு செத்திட்டா 12.6 வோல்ற் காட்டவேண்டியது 10.5 இலயே நிக்கும், அல்ரனேற்றர் 14 வோல்ற்றில தள்ளிக்கொண்டே இருக்கும், பற்றரி நிரம்பாது, கொதிக்கும். ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தின கதை. ஆனா இப்பிடியான பற்றரியோட ஆரும் மாசக்கணக்கில ஓடப்போறேல்ல, அதால சாதாரண காருக்கு, அதுவும் ஏ9 றோட்டில கொழும்புக்கு ஒரே இழுவையாப் போற காருக்கு, புதுப் பற்றரியால பெரிய மைலேஜ் வித்தியாசம் ஒண்டும் தெரியாது.

வித்தியாசம் வாறது ஐடில் ஸ்ரொப், அதாவது கார் நிக்கேக்க எஞ்சின் தானா ஓஃப் ஆகிற வசதி, இருக்கிற கார்களுக்குத்தான், எங்கட ஊர் வேகன்ஆர் கனக்க அந்த வகை. 2012க்குப் பிறகு வந்த எனி சார்ஜ் (சுசுகியின்ர சார்ஜ் ஏத்துற முறை) மொடலுகளில முன் சீற்றுக்குக் கீழ சின்ன லிதியம் பற்றரி ஒண்டும் இருக்கு, நீங்கள் அக்சிலேற்றரில இருந்து காலை எடுத்து கார் மெதுவாகேக்கதான் அல்ரனேற்றர் கூடுதலா சார்ஜ் ஏத்தும், அது ஓசிக் கரண்ட் மாதிரி. பொனற்றுக்குள்ள இருக்கிற ஈயப் பற்றரி சோர்ந்திட்டா காரின்ர கொம்பியூற்றர் பயந்திடும், எஞ்சினை ஓஃப் பண்ணினா பிறகு ஸ்ரார்ட் வராதெண்டு அதை ஓடவே விட்டிடும், கால் வச்சு இழுக்கேக்கயும் சார்ஜ் ஏத்தும். சின்ன எஞ்சின் சும்மா நிண்டு ஓடினாலே மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் அளவில குடிக்கும். ஒரு நாளைக்கு பத்து நிமிசம் ரயில் கேற்றிலயும் ஆஸ்பத்திரி றோட்டு நெரிசலிலயும் நிண்டா, மாசத்துக்கு ரெண்டரை லீற்றர். எங்கட வெக்கைக்கு ஏசி போட்டா ஐடில் ஸ்ரொப் எஞ்சினைக் கனநேரம் நிப்பாட்டி வைக்காது, அதால அதுவும் முழுசா மிஞ்சாது. நட்டமில்ல, ஆனா பற்றரிக் காசு இதால திரும்பி வரும் எண்டு கனவு காணாதேங்கோ.

ஆக்குவா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் கார் வச்சிருக்கிறவைக்கு ஒரு வசனம்: உங்கட 12 வோல்ற் பற்றரி எஞ்சினைச் சுத்துறேல்ல, கொம்பியூற்றர எழுப்புறது மட்டும்தான் அதின்ர வேலை. மைலேஜ் விழுந்தா காரை ஓட்டுற பெரிய ஹைபிரிட் பற்றரியப் பாருங்கோ.

அப்ப ஏன் சனம் மாத்தினவுடன கூட ஓடுது எண்டு சொல்லுது? பற்றரியக் கழட்டின உடன டாஷ்போட்டில இருக்கிற சராசரிக் கணக்கு அழிஞ்சிடும், புதுசா எண்ணத் தொடங்கேக்க நல்ல றோட்டில ரெண்டு கிலோமீற்றர் ஓடினா நம்பர் ஏறித்தான் காட்டும். எஞ்சின் கொம்பியூற்றர் பழகி வச்சிருந்ததும் மறந்துபோறதால முதல் கொஞ்ச நாள் நிண்டு ஓடேக்க எஞ்சின் வேகம் ஏறி இறங்கும், அதுக்குப் பயந்து கராஜுக்கு ஓடாதேங்கோ. டாங்க் முழுக்க அடிச்சு, ஓடி, திரும்ப முழுக்க அடிச்சு, கிலோமீற்றர லீற்றரால பிரியுங்கோ. அதுதான் கணக்கு.

[காட்சி: மல்ரிமீற்றர் பற்றரியில.]

மாத்த முதல் அளவுங்கோ. இரவு முழுக்க நிண்ட காரில 12.6 வோல்ற் எண்டா ஃபுல், 12.2 எண்டா பாதி, 12 எண்டா கிட்டத்தட்ட வெறுமை. ஸ்ரார்ட் அடிக்கேக்க 9.6க்குக் கீழ விழுந்தா பற்றரி களைச்சுப் போச்சு. எஞ்சின் ஓடேக்க பொதுவா 13.8 இல இருந்து 14.5 வரைக்கும் வரோணும் (எனி சார்ஜ் காரில இது கூடிக் குறையும்), வராட்டி பிழை அல்ரனேற்றரிலயோ வயரிலயோ, அப்பிடியிருக்க புதுப் பற்றரி போட்டா அதையும் கொண்டுபோடும். டேர்மினலில பச்சை வெள்ளையா பூத்திருந்தா முதல் அதத் துடைச்சிட்டு திரும்ப அளவுங்கோ, சிலவேளை கதை அங்கயே முடிஞ்சிடும்.

இன்னொண்டு, தண்ணி விடுற பற்றரிக்கு கிணத்துத் தண்ணி விடாதேங்கோ. எங்கட சுண்ணக்கல்லுத் தண்ணி கேத்திலுக்க வெள்ளையாப் படியிறத தெரியும்தானே, அது பற்றரிக்குள்ள இருக்கிற ஈயத் தகட்டுக்கு விடுற தண்ணியில்ல, கடையில பற்றரித் தண்ணி எண்டே கேளுங்கோ.

வாங்கேக்க பழையதில இருக்கிற நம்பரப் பாருங்கோ. 46B24L மாதிரி இருக்கும், 24 எண்டது நீளம் சென்ரிமீற்றரில, கடைசி எழுத்து டேர்மினல் எந்தப் பக்கம் எண்டு, அது மாறினா வயர் எட்டாது. ஐடில் ஸ்ரொப் காருக்கு அதுக்கெண்டு வாற பற்றரிதான் போடோணும், மலிவெண்டு சாதாரணத்தப் போட்டா கெதியாப் படுத்திடும்.

[காட்சி: பத்தாம் நம்பர் ஸ்பானர்.]

கழட்டேக்க முதல் நெகற்றிவ், பூட்டேக்க அது கடைசி. மாறிச் செய்தா பொசிற்றிவில நிக்கிற ஸ்பானர் காரின்ர பொடியில முட்டி நெருப்புப் பொறி பறக்கும், எனக்கு ஒருக்கா பறந்திருக்கு, ஸ்பானரில அந்தக் கறுப்பு இன்னும் கிடக்கு, பாருங்கோ.

இப்ப பெற்றோல் ஷெட்டுக்குப் போறன், டாங்க் முழுக்க அடிக்க. அடுத்த தரம் நிரப்பேக்க வாற நம்பர, கூடினாலும் குறைஞ்சாலும், கீழ எழுதி விடுறன்.