கொடுக்கப் போனவருக்குக் கிடைத்தது என்ன?

நடுவர் அவர்களே, வணக்கம். ‘பிறருக்கு உதவப் போகும் இளைஞர் அடைவது பலமா, இழப்பா?’ என்ற தலைப்பில் பலமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், “படிக்கிற வயசுல படி, ஊருக்கு உழைச்சு என்ன கண்ட, ஒரு சான்றிதழும் ஒரு குரூப் போட்டோவும்தானே” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போயிருக்கிறார். நானும்தான் தட்டினேன், நல்லாப் பேசினார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல், காந்தி நூற்றாண்டு சமயத்தில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை, அப்புறம் ஏழு நாள் முகாம். அந்த ஏழு நாளில் கோயில் வாசலில் நாலு புல்லைப் பிடுங்கிவிட்டு பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் உண்டு, அதில் யாருக்கும் எந்தப் பலமும் வராது. ஏன்? அங்கே அந்தப் பையனை நம்பி யாரும் இல்லை. அவன் வராவிட்டாலும் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

நம்பி ஒருவர் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு வாங்க. பார்வையற்ற மாணவருக்காகத் தேர்வு எழுதப் போகிற ‘ஸ்க்ரைப்’ இருக்கிறாரே, அவரைப் பாருங்கள். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்பதால் மூன்று மணி நேரத் தேர்வு நாலு மணி நேரமாகும். கேள்வியைப் படித்துக் காட்ட வேண்டும், அவர் யோசிக்கும்வரை காத்திருக்க வேண்டும், “கடைசிப் பத்தியை இன்னொரு தடவை வாசி” என்றால் முகம் சுளிக்காமல் வாசிக்க வேண்டும். அவர் தப்பாகச் சொல்வது நமக்குத் தெரியும், சரியான விடை வாய் வரைக்கும் வந்து நிற்கும், அதை முழுங்கிக்கொண்டு அவர் சொன்னதையே எழுத வேண்டும். கிறுக்கினால் மதிப்பெண் போவது அவருக்கு. போன் இல்லாமல் நாலு மணி நேரம் இன்னொருவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க நம் வயதில் வேறு எங்கே கற்றுத்தருகிறார்கள்? காசு கட்டிப் போகிற ஆளுமைப் பயிற்சி வகுப்பில் பேசத்தான் சொல்லித்தருகிறார்கள்.

சரி, புதுக்கோட்டைக்கு வருகிறேன். 1991, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்க நடந்த அறிவொளி இயக்கம். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் பலர் சம்பளம் இல்லாமல் பாடம் நடத்த வந்தார்கள். முதல் பாடமே ‘பட்டா’, ‘படி’ என்றுதான் தொடங்கும். நிலமில்லாத ஒருவருக்குப் பட்டா என்று எழுதச் சொல்லிக்கொடுத்தால், “எங்களுக்கு எப்பம்மா அது கிடைக்கும்?” என்று கேட்கத்தானே செய்வார்? பதில் தேடி அந்தப் பெண் தாலுகா ஆபீஸ் படியேறித்தான் ஆக வேண்டும். இன்னொரு சிக்கல், உள்ளே தள்ளி இருக்கிற கிராமங்களுக்கு எப்படிப் போவது? பஸ்ஸை நம்ப முடியாது, கூட்டிப்போக அண்ணன் தம்பியைக் கெஞ்ச வேண்டும். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண் தொண்டர்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுக்கும் யோசனையைக் கொண்டுவந்தார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள், நடுவில் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. குடுமியான்மலைப் பக்கம் குவாரியில் வேலை செய்த பெண்கள் வரைக்கும் அது பரவி, 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் ஓட்டிப் போனார்கள். கேலி பேசாமலா இருந்திருக்கும் ஊர்? பேசியது, அவர்கள் மிதித்துக்கொண்டே போனார்கள். எழுத்து கற்றுக்கொடுக்கக் கிளம்பிய பெண், தான் நினைத்த நேரத்துக்குத் தனியாகப் போய்வருகிற சுதந்திரத்தை எடுத்துக்கொண்டாள். அதை எந்தச் சான்றிதழில் அச்சடிப்பீர்கள் அண்ணே?

அண்ணனின் இன்னொரு கேள்வி நியாயமானது: அரசு சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை இளைஞர்களிடம் ஓசியில் வாங்கலாமா? கூடாது. 2021-இல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’யில், அதாவது பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே மாலையில் பாடம் சொல்லித்தரும் தமிழக அரசுத் திட்டத்தில், தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். மாலையில் தெருவில் இருக்கிற பிள்ளைகளைக் கட்டி மேய்க்க அது காணுமா? காணாது. கூட்டிக் கேட்கிற மேடை எங்கே என்று சொல்லுங்கள், அண்ணனோடு நானும் ஏறுகிறேன். ஆனால் நடுவர் அவர்களே, இன்றைக்குத் தலைப்பு சம்பளம் இல்லை, அதை வைத்து அவர்கள் பக்கம் தீர்ப்பைச் சாய்த்துவிடாதீர்கள், ஆமா.