சுமை ஏறியதும் அணைந்துபோகும் புதிய கணினி: காரணம் எங்கே இருந்தது?

வணக்கம் நண்பர்களே. மேசையில் நீங்கள் பார்க்கும் இந்தக் கணினியை நான் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டி இன்றோடு பத்து நாட்கள் ஆகின்றன. முதல் ஐந்து நாட்களுக்குள் இது பதினொரு முறை தானாக அணைந்தது. கட்டுரை எழுதும்போதும் படம் பார்க்கும்போதும் ஒரு முறைகூட அப்படி நடக்கவில்லை. கனமான ஒரு விளையாட்டைத் திறந்து, கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் சேர்ந்து உழைக்கத் தொடங்கிய சில நிமிடங்களில், யாரோ சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டதைப் போலத் திரையும் ஃபேன்களும் விளக்குகளும் ஒரே நொடியில் நின்றுவிட்டன. புதிதாகப் பூட்டிய கணினி இப்படி நடந்துகொள்ளும்போது மனம் எவ்வளவு கலங்கும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். பதற்றத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றத் தொடங்கிவிடாமல் காரணத்தை எப்படி நெருங்கலாம் என்பதை நான் சென்ற வழியிலேயே இன்று உங்களுக்குக் காட்டப் போகிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது, கணினி எந்த விதத்தில் நிற்கிறது என்பதுதான். நீலத் திரை வந்து நின்றால், அல்லது படம் உறைந்து ஒலி மட்டும் இழுபட்டுக்கொண்டே இருந்தால், மெமரி, டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்), ஓவர்க்ளாக் (பாகத்தை வரையறையைவிட வேகமாக ஓடவிடும்) அமைப்பு ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மின்சாரமே போய்விட்டது போல அணைந்தால் தேட வேண்டிய இடம் வேறு. அப்போது பெரும்பாலும் வெப்பமோ மின்வழங்கலோதான் காரணமாக இருக்கும். கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தால் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கும். அதைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ், அதாவது பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி, பழுது என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் பலர். அது தவறு. முந்தைய முறை கணினி முறைப்படி நிறுத்தப்படவில்லை என்பதை விண்டோஸ் அடுத்த முறை எழும்போது எழுதி வைக்கும் குறிப்பு அது. காரணத்தை அது சொல்வதில்லை. ஆனால் அதன் விவரப் பகுதியில் பக்செக் கோடு (நீலத் திரைப் பிழையின் எண்) என்ற இடத்தில் சுழியம் இருந்தால், பிழையைப் பதிவு செய்யக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். என் கணினியின் பதினொரு பதிவுகளிலும் சுழியமே இருந்தது.

அடுத்த தடயம் பவர் பட்டனில் கிடைத்தது. பிராசசர் அளவுக்கு மீறிச் சூடாகி மதர்போர்டே கணினியை நிறுத்தியிருந்தால், சற்று ஆறியபின் பட்டனை அழுத்தினால் பொதுவாக அது மீண்டும் எழுந்துவிடும். சில மதர்போர்டுகள் வெப்பம் மிகுந்தது என்று திரையில் செய்தியும் காட்டும். என் கணினியில் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு ஃபேன்கூட அசையவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறம் இருக்கும் ஸ்விட்சை அணைத்து, அரை நிமிடம் போல் காத்திருந்து, மறுபடி போட்ட பிறகுதான் எழுந்தது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று, மின்னோட்டம் வரம்பைத் தாண்டியதும் எல்லா வெளியீட்டையும் துண்டித்துவிட்டு, மின்இணைப்பை முழுமையாக எடுத்துத் திரும்பக் கொடுக்கும் வரை பூட்டிக்கொண்டு நிற்பது வழக்கம். இந்த ஒரு குறியை நான் முதல் நாளே பொருட்படுத்தியிருந்தால் இரண்டு நாட்களை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

இருந்தாலும் வெப்பத்தைச் சோதிக்காமல் விட்டுவிடக் கூடாது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் உணரிகளின் அளவுகளைக் கோப்பாகப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. கணினி திடீரென அணைந்தாலும் அதற்கு இரண்டு நொடி முன்பு வரையிலான அளவுகள் அந்தக் கோப்பில் தங்கியிருக்கும். இதோ, திரையில் அந்தக் கோப்பின் கடைசி வரியைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன். பிராசசர் 78 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 71 டிகிரி, அந்தக் கார்டின் மிகச் சூடான புள்ளி 84 டிகிரி. என்னுடைய பிராசசர் ரைசன் 7 5800எக்ஸ். அதற்கு வரையறுக்கப்பட்ட உச்ச வெப்பநிலை 90 டிகிரி செல்சியஸ். ரைசன் 7000 வரிசையின் பெரும்பாலான பிராசசர்களுக்கு அது 95 டிகிரி, இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி. அந்த எல்லையை நெருங்கும் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்க்கும். அதற்கும் அடங்காமல் வெப்பம் ஏறினால்தான் கணினி அணைக்கப்படும். சுமை கொடுத்த சில நொடிகளிலேயே வெப்பம் எல்லையைத் தொடுமானால், கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரிக்க மறந்திருக்கலாம், கூலர் சரியாக அமராமல் இருக்கலாம், நீர்க்குளிர்விப்பானாக இருந்தால் அதன் பம்ப் ஓடாமல் இருக்கலாம். என் பதிவில் அப்படி எதுவும் தென்படவில்லை. எனவே வெப்பத்தை விட்டுவிட்டு மேலே சென்றேன்.

கணினியை யுபிஎஸ் வழியாக இயக்குகிறவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன்பு, அதை எடுத்துவிட்டு நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் இணைத்துச் சோதிக்க வேண்டும். 600 விஏ என்று எழுதப்பட்ட சிறிய யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். விளையாட்டுக் கணினி ஒன்று அதை எளிதாகத் தாண்டிவிடும். என் கணினி சுவரில் நேராக இணைத்தபோதும் அணைந்தது.

இனி சுமையைப் பிரித்துப் பார்க்கும் சோதனைக்கு வருகிறேன். பிரைம்95 மென்பொருளைக் கொண்டு பிராசசருக்கு மட்டும் நாற்பது நிமிடம் முழுச் சுமை கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஃபர்மார்க்கைக் கொண்டு கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் அரை மணி நேரம் சுமை கொடுத்தேன்; அதுவும் தாங்கியது. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டபோது பன்னிரண்டாவது நொடியில் அணைந்தது. இரண்டு மென்பொருள்களைத் தனித்தனியாகத் திறக்க விரும்பாதவர்கள் ஓசிசிடி மென்பொருளில் உள்ள பவர் சோதனையைப் பயன்படுத்தலாம். அது இரண்டுக்கும் சேர்த்தே சுமை கொடுக்கும். தனித்தனியாகத் தாங்கும் கணினி சேர்ந்து சுமக்கும்போது விழுகிறது என்றால், இரண்டும் பகிர்ந்துகொள்ளும் மின்வழங்கலை நோக்கித்தான் விரல் நீளும்.

இந்த இடத்தில்தான் என் கணக்கு என்னைக் குழப்பியது. கிராபிக்ஸ் கார்டின் வரையறை 320 வாட். பிராசசர் பெட்டியில் 105 வாட் என்று இருந்தாலும் உண்மையில் அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 142 வாட். மதர்போர்டு, மெமரி, எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாவற்றுக்குமாக அறுபது வாட் சேர்த்தாலும் மொத்தம் 522 வாட்தான். நான் போட்டிருப்பதோ 750 வாட் எஸ்எம்பிஎஸ். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் கூட்டியவை எல்லாம் சராசரி எண்கள். கிராபிக்ஸ் கார்டு எடுக்கும் மின்திறன் நிலையாக ஓடும் ஆறு போன்றதல்ல. விளையாட்டில் காட்சி மாறும் கணத்தில், நொடியின் மிகச் சிறிய ஒரு பகுதிக்கு, அது தன் வரையறையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வரை எட்டிவிட்டு இறங்கக்கூடும். இரண்டு நொடிக்கு ஒரு முறை அளக்கும் மென்பொருளின் கண்ணில் அந்தத் துள்ளல் படுவதே இல்லை. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று அதைப் பார்த்துவிடுகிறது. இதை மனத்தில் கொண்டுதான் எஸ்எம்பிஎஸ்களுக்காக 2022இல் வெளிவந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறையில், எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இரு மடங்குத் துள்ளலை 100 மைக்ரோநொடி நேரத்துக்குத் தாங்க வேண்டும் என்று சேர்த்தார்கள். என்னுடையது அதற்கு முந்தைய வடிவமைப்பு.

சந்தேகத்தை உறுதிப்படுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை, அதாவது அது எடுக்கும் மின்திறனின் வரம்பை, 70 சதவீதத்துக்கு, அதாவது 224 வாட்டுக்கு இறக்கினேன். அதே விளையாட்டு மூன்று மணி நேரம் தடையின்றி ஓடியது. இதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. முழு வேகத்துக்காகத்தான் அந்தக் கார்டை வாங்கினோம். இது நோயைக் காட்டும் சோதனை மட்டுமே.

இப்போது கேமராவைக் கேபினட்டுக்குள் கொண்டு போகிறேன், நன்றாகப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டின் மேல் விளிம்பில் எட்டு முனைச் சாக்கெட்டுகள் இரண்டு இருக்கின்றன. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து புறப்படும் ஒரே கேபிள் முதல் சாக்கெட்டில் நுழைகிறது. அந்தக் கனெக்டரின் கழுத்திலிருந்து ஒரு சாண்கூட இல்லாத குட்டிக் கேபிள் கிளைத்துப் போய் இரண்டாவது சாக்கெட்டில் நுழைகிறது. பார்ப்பதற்கு ஒழுங்காகவும் அழகாகவும் இருக்கிறது என்று நான்தான் அப்படிப் போட்டேன். எட்டு முனைக் கனெக்டர் ஒன்றுக்கு விதிமுறை தரும் அளவு 150 வாட். மதர்போர்டின் ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் போகலாம். ஸ்லாட் முழுப் பங்கையும் கொடுத்தாலும் கார்டின் 320 வாட்டில் மீதம் 245 வாட், அதாவது இருபது ஆம்பியருக்கும் மேலான மின்னோட்டம், இந்த ஒரே கேபிளின் மூன்று 12 வோல்ட் கம்பிகள் வழியாகத்தான் வந்தாக வேண்டும். கார்டின் சொந்த உணரி காட்டிய அளவையும் பாருங்கள்: சும்மா இருக்கும்போது 11.98 வோல்ட், முழுச் சுமையில் 11.58 வோல்ட். விதிமுறை அனுமதிக்கும் கீழ் எல்லை 11.40. எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் இந்த இறக்கம் நல்ல அறிகுறி அல்ல.

எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கையேட்டை அப்போதுதான் முழுமையாகப் படித்தேன். அதன் 12 வோல்ட் வெளியீடு பல பாதைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பாதைக்கும் தனி மின்னோட்ட வரம்பு உண்டு. நான் கேபிளைச் செருகியிருந்த சாக்கெட், பிராசசருக்குப் போகும் எட்டு முனைக் கேபிளின் சாக்கெட்டோடு ஒரே பாதையில் இருந்தது. தனித்தனிச் சுமையைத் தாங்கிய கணினி இரண்டும் சேர்ந்தபோது ஏன் அணைந்தது என்பதற்கு விடை அந்தச் சிறிய அட்டவணையில் இருந்தது.

கணினியை அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, பெட்டியில் மிச்சமிருந்த இரண்டாவது கேபிளை எடுத்தேன். பிராசசரின் பாதையில் சேராத இரண்டு சாக்கெட்டுகளிலிருந்து தனித்தனிக் கேபிள்களாகக் கார்டுக்குக் கொண்டுபோனேன். கிளைத் துண்டுகள் இரண்டும் இப்போது பயனின்றித் தொங்குகின்றன; தொங்கட்டும். ஒவ்வொரு கனெக்டரையும் கொக்கி விழும் ஓசை கேட்கும் வரை அழுத்தினேன். அதோடு பிராசசரின் எட்டு முனைக் கனெக்டரையும் தொட்டுப் பார்த்தேன், அது உறுதியாகவே இருந்தது.

ஒரு விஷயத்தை மிகுந்த அக்கறையோடு சொல்ல வேண்டும். கேபிள் போதவில்லை என்று வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை எடுத்துச் செருகிவிடாதீர்கள். கார்டுப் பக்கத்து முனைக்குத்தான் பொது விதி இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தத் துளையில் 12 வோல்ட், எந்தத் துளையில் எர்த் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி அமைக்கிறார்கள். என் இழுப்பறையில் கிடந்த பழைய கேபிள் இந்தச் சாக்கெட்டில் அழகாக நுழைந்தது. மல்டிமீட்டரால் முனைகளைச் சரிபார்த்தபோது கம்பிகளின் வரிசை தலைகீழாக இருந்தது. அதைப் போட்டு ஸ்விட்சைத் தட்டியிருந்தால் கார்டே எரிந்திருக்கக்கூடும். அதேபோல எஸ்எம்பிஎஸ்ஸை ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பவர் லிமிட்டை மீண்டும் 100 சதவீதத்துக்கு ஏற்றி, பிரைம்95, ஃபர்மார்க் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டேன். பன்னிரண்டாவது நொடியைக் கடந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மணி நேரம் ஓடியது. முழுச் சுமையில் கார்டின் மின்னழுத்தம் 11.82 வோல்ட்டில் நின்றது. நிலையான சுமையைத் தாங்குவது போதாது, துள்ளும் சுமையையும் தாங்க வேண்டும் என்பதால், அணைய வைத்த அதே விளையாட்டைக் கேபினட்டின் பக்கக் கதவை மூடிய நிலையில் தொடர்ந்து மூன்று மாலைகள் ஆடினேன். ஈவென்ட் வியூவரில் கடைசி 41ஆம் பதிவு கேபிளை மாற்றுவதற்கு முந்தைய நாள் மாலை எழுதப்பட்டது. இதோ திரையில் இருக்கிறது, அதற்கு மேலே புதிதாக எதுவும் இல்லை.