படகு எப்போது கிளம்பும்?

வணக்கம்.

தீவில் வேலை பார்த்த டாக்டர் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். அதைக் கேட்டதும் பலரும் கேட்பது, "அங்கே என்ன வசதி இருந்தது?" என்றுதான். எத்தனை படுக்கை, எக்ஸ்ரே உண்டா, ஸ்கேன் உண்டா? முதன்முதலில் அங்கே போய் இறங்கியபோது நானும் இதையேதான் கேட்டேன். நாலு வருஷம் கழித்துத் திரும்பும்போது வேறு ஒரு கேள்விதான் மனசில் நின்றது. அடுத்த படகு எப்போது, அது கிளம்புமா?

நிலப்பகுதியில் ஒரு சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற டாக்டருக்குக் கொஞ்சம் தயங்க அவகாசம் உண்டு. வயிற்று வலி என்று ஒருவர் வருகிறார். பார்க்கலாம், ராத்திரி கவனித்துவிட்டுக் காலையில் அனுப்பலாம். நடுராத்திரியில் வலி கூடினால் ஆம்புலன்ஸ் வரும். தீவில் அந்தக் "காலையில்" என்பதே நம் கையில் கிடையாது.

என் முதல் வருஷத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் சாயங்காலம் நாலு மணி வாக்கில் நடந்தே வந்தார். தொப்புளைச் சுற்றி வலி, லேசான காய்ச்சல். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். குடல்வால் வீக்கமாக, அதாவது அப்பெண்டிசைட்டிசாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ராத்திரி வைத்துப் பார்ப்போம் என்றேன். என்னோடு இருந்த சிஸ்டர் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஜன்னல் பக்கம் போய் நின்று, "சார், மேற்கே பார்த்தீங்களா? ராத்திரிக்குள்ள காத்து திரும்பிடும்" என்றார். எனக்கு மேகம்தான் தெரிந்தது. வயிற்றைப் பார்க்கத் தெரிந்த அளவுக்கு வானத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

காற்று திரும்பியது. மூன்று நாள் ஒரு படகும் வெளியே போகவில்லை. வலி வலது பக்கம் கீழே இறங்கி, வயிறு பலகை மாதிரி ஆனது. செஃப்ட்ரையாக்சோன், மெட்ரோனிடசோல் என்கிற கிருமிக்கொல்லி மருந்துகள், ஊசியும் டிரிப்புமாக ஓட்டினோம். அரைமணிக்கு ஒருமுறை நாடி பார்த்து, சிஸ்டரும் நானும் மாறி மாறி எழுதிவைத்தோம். போனில் கிடைத்த அறுவை மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்ட முதல் கேள்வி, "படகு எப்போது?" நாலாம் நாள் காலையில் ஒரு மீன்பிடிப் படகில் ஏற்றினோம். கடல் வற்றியிருந்த நேரம். படகு துறைக்கு ஓர் ஆள் உயரம் கீழே கிடந்தது. ஆறு பேர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துச் சாய்த்து இறக்க, ஏழாவது ஆள் டிரிப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் பிழைத்தார். குடல்வால் வெடித்துச் சீழ் கட்டியிருந்ததாம். ஒரு மாசத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்று சாயங்காலமே அனுப்பியிருந்தால் நாலு நாளில் வீட்டுக்கு வந்திருப்பார். தவறு என்னுடையது.

அதற்குப் பிறகு சாயங்காலம் நாலு மணிக்கு வருகிற எந்த வயிற்று வலியையும் சிஸ்டரைக் கேட்காமல் நான் நிறுத்திவைத்ததில்லை. அனுப்புவதா, வைத்துக்கொள்வதா? தீவு மருத்துவத்தில் பெரும்பாலான வேலை இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். அனுப்பிய பத்துப் பேரில் நாலு பேர் "ஒன்றுமில்லை" என்று திரும்பி வருவார்கள். அக்கரை டாக்டர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

திட்டம் போடுகிறவர்களோடு எனக்கு இருக்கிற ஒரு மனத்தாங்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கு பார்த்தாலும் மக்கள்தொகைக் கணக்குதான். இத்தனை ஆயிரம் பேருக்கு ஒரு நிலையம், இத்தனை பேருக்கு ஒரு டாக்டர். அந்தக் கணக்கில் ஆயிரம் பேர்கூட இல்லாத தீவுக்கு ஒன்றுமே வராது. எண்ண வேண்டியது தலையை அல்ல, மணியை. ஒரு நோயாளி அறுவை அரங்கைப் போய்ச் சேர எத்தனை மணி நேரம்? தென் அட்லாண்டிக்கில் டிரிஸ்டன் ட குன்யா என்று ஒரு தீவு இருக்கிறது. சுமார் 250 பேர்தான். விமானத் தளம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் அங்கிருந்து ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர். கப்பலில் ஒரு வாரம் ஆகும், கப்பலும் எப்போதாவதுதான் வரும். அங்கே "அனுப்புவது" என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. அதனால் 2017-இல் திறந்த அவர்களுடைய சுகாதார மையத்தில் அறுவை அரங்கும் வைத்திருக்கிறார்கள். 250 பேருக்கு அறுவை அரங்கா என்று கேட்டால், ஆமாம், அந்த 250 பேருக்குத்தான்.

எங்களுக்கு ஐந்து மணி நேரக் கடல். அதனால் ஐந்து மணி நேரம் ஓர் உயிரைத் தாங்கிப் பிடிக்கிற பொருள்கள் வேண்டும். கடல் மூடினால் ஐந்து நாள் தாங்குகிற அளவுக்கும் வேண்டும். ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 7,000 லிட்டர் பிடிக்கிற பெரிய சிலிண்டரை நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் வீதம் திறந்தால் ஒரு நாள்கூட முழுசாக வராது. நிமோனியாவோடு ஒரு குழந்தையும் மூச்சிரைப்போடு ஒரு தாத்தாவும் ஒரே சமயத்தில் வந்தால் கணக்குப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற கான்சன்ட்ரேட்டர் வந்தபிறகு சிலிண்டர் கவலை குறைந்தது, மின்சாரக் கவலை கூடியது. ஜெனரேட்டருக்கு டீசல் அதே படகில்தான் வர வேண்டும்.

ரத்தம் இன்னொரு கதை. ரத்த வங்கி கிடையாது, நடமாடும் மனிதர்கள்தான் வங்கி. யார் யாருக்கு என்ன குரூப், கடைசியாக எப்போது பரிசோதித்தது என்று சிஸ்டரின் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு இருந்தது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைத் திறப்போம். நாலு வருஷத்தில் இரண்டு முறை திறந்தோம். இரண்டும் பிரசவம்.

பிரசவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல தீவுகளில் உள்ள ஏற்பாடு இதுதான்: தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கர்ப்பிணியை அக்கரைக்கு அனுப்பி, ஆஸ்பத்திரிப் பக்கத்தில் தங்கவைப்பது. நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு, தெரியாத ஊரில், துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளவும் இடமில்லாமல் மூன்று வாரம் உட்கார யாருக்கு மனசு வரும்? அதனால் மாதவிடாய்த் தேதியை மாற்றிச் சொல்வார்கள். ஒரு பெண் என்னிடம் ஒரு மாசத்தையே குறைத்துச் சொன்னாள். எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் துருவிக் கேட்கவில்லை. "இன்னும் நாள் இருக்கு டாக்டர்" என்று சொன்ன மறுவாரமே எங்கள் நிலையத்தில் பிரசவம். குழந்தை நன்றாகப் பிறந்தது. அப்புறம் ரத்தம் நிற்கவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு பெருக்கெடுக்கிற ரத்தம் படகுக்குக் காத்திருக்காது. கருப்பையைச் சுருக்குகிற ஆக்சிடோசின் ஊசி குளிரில் இருந்தால்தான் வீரியத்தோடு இருக்கும். இரண்டு நாளாக மின்சாரம் விட்டுவிட்டு வந்த தீவில் அந்த ஊசியை எந்த அளவுக்கு நம்புவது? போட்டோம், கூடவே கருப்பையைச் சுருக்குகிற மிசோபுரோஸ்டால் மாத்திரையும் வைத்தோம், வயிற்றை அழுத்திப் பிசைந்துகொண்டே இருந்தோம். பிறகுதான் நோட்டைத் திறந்தோம். கடைசியில் ரத்தம் கொடுத்தவர் படகுக்காரர். இப்போது சூடு தாங்குகிற கார்பெட்டோசின் என்கிற மருந்து இருக்கிறது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. முதலில் அனுப்ப வேண்டிய இடம் தீவுகள்தான் என்பேன். அந்தப் பெண்ணைப் பொய் சொன்னவள் என்று திட்டியவர்கள் உண்டு. நான் திட்டவில்லை. தங்குகிற வீட்டில் அவள் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து இடம் கொடுத்திருந்தால் சரியான தேதியைச் சொல்லியிருப்பாள்.

குளிர் என்றதும் தடுப்பூசி ஞாபகம் வருகிறது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டில் கெட்டுப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெட்டுப்போகும் என்பது பலருக்குத் தெரியாது. டெட்டனஸ், மஞ்சள் காமாலை பி தடுப்பூசிகளை ஐஸ் கட்டியோடு ஒட்டிவைத்து அக்கறையாக அனுப்புவார்கள். படகிலிருந்து இறங்கும்போதே உறைந்து வீணாகியிருக்கும். 2018 டிசம்பரில் வனுவாட்டு நாட்டின் எரமாங்கோ தீவில் ட்ரோன் ஒன்று சுமார் 40 கிலோமீட்டர் பறந்து தடுப்பூசி கொண்டுபோய் இறக்கியது. மலையும் காடுமான வழியில் மணிக்கணக்காக நடந்து சுமக்க வேண்டியது, அரைமணி வாக்கில் வந்து சேர்ந்தது. நல்ல காரியம். எல்லோரும் ட்ரோனைப் பற்றியே பேசுகிறார்கள். அது இறங்கிய இடத்தில் பெட்டியைத் திறந்து, ஒரு மாசக் குழந்தையின் தொடையில் ஊசி போட ஒரு நர்ஸ் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பேசலாம்.

நாங்கள் படகை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள்தான். ஆனால் நோயும் அதே படகில்தான் வரும். 1846-இல் கோபன்ஹேகனிலிருந்து ஃபேரோ தீவுகளுக்கு வந்த ஒரு தச்சர் தட்டம்மையையும் கூட்டிவந்தார். 7,800 பேர் வாழ்ந்த இடத்தில் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். விசாரிக்கப் போன பீட்டர் பானும் என்ற டாக்டருக்கு 25 வயதுதான். வீடு வீடாகப் போய்க் கேட்டவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். 1781-இல் தட்டம்மை வந்து பிழைத்த கிழவர்கள் ஒருவருக்கும் இந்த முறை வரவில்லை. ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் காப்பு என்பது அப்படித்தான் எழுத்தில் பதிவானது. 1918-ஐப் பாருங்கள். நியூசிலாந்திலிருந்து மேற்குச் சமோவாவுக்கு வந்த டலூன் என்ற கப்பலை நிறுத்தாமல் உள்ளே விட்டார்கள். இன்புளுயன்சாவில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் செத்தார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்கச் சமோவா கப்பல்களைத் தனிமைப்படுத்தி நிறுத்தியது. அங்கே அந்தக் காய்ச்சலில் ஒரு சாவும் இல்லை.

சரி, இதையெல்லாம் செய்ய ஆள் வேண்டுமே. தீவில் மிஷின் பழுதானால் ஆறு மாசம், ஆள் போய்விட்டால் இரண்டு வருஷம். யாரும் வருவதில்லை என்று அலுத்துக்கொள்வோம், வந்தவரை எப்படி வைத்திருந்தோம் என்று கேட்பதில்லை. ஸ்காட்லாந்தில் 1913-இல் மலைப்பகுதிகளுக்கும் தீவுகளுக்கும் என்றே ஓர் அரசு மருத்துவ சேவையைத் தொடங்கினார்கள். நாடு முழுவதற்குமான இலவச மருத்துவம் பிரிட்டனில் வந்தது 1948-இல்தான். தீவுக்காரர்களுக்கு, முழுக்க இலவசமாக இல்லாவிட்டாலும், அரசு மருத்துவ சேவை 35 வருஷம் முந்தியே வந்துவிட்டது. டாக்டருக்கு நிச்சயமான வருமானம், குடியிருக்க வீடு, போக்குவரத்துச் செலவு, விடுப்பில் போனால் மாற்று ஆள், இவற்றுக்குத்தான் பணத்தை வைத்தார்கள். அந்தக் கடைசி விஷயத்துக்கு நான் கைதட்டுவேன். என் நாலு வருஷத்தில் மாற்று ஆள் வந்தது ஒரே ஒரு முறை.

எல்லா இடத்திலும் அது எட்டியது என்று சொல்ல முடியாது. அதே ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவில் மீதி இருந்த 36 பேரும் 1930 ஆகஸ்ட் 29 அன்று தாங்களே கேட்டுக்கொண்டு ஊரைக் காலி செய்தார்கள். பல காரணம் உண்டு. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நோயோடு நிலப்பகுதிக்குக் கொண்டுபோகப்பட்ட ஓர் இளம் பெண் இறந்துபோனதும் அதில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

ஆள் கிடைத்த பிறகு இன்னொரு சங்கடம். சின்னத் தீவில் ரகசியம் நிற்காது. யார் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்தார், எத்தனை நேரம் உட்கார்ந்தார் என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும். சளி, ரத்த மாதிரிகளைப் படகில் எடுத்துப்போகிற பையனே நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரன். காசநோய்ப் பரிசோதனைக்கு வரத் தயங்கி முற்றவிட்டவர்களை எனக்குத் தெரியும். சிஸ்டர் ஒரு வழி செய்தார். எந்த மாதிரியாக இருந்தாலும் ஒரே அளவு பழுப்புப் பெட்டி, மேலே பெயர் இல்லை, எண் மட்டும். மாதிரி எதுவும் இல்லாத நாளிலும் வெறும் பெட்டி இரண்டை அனுப்பிவைப்பார்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அக்கரையில் அறுவை முடிந்து திரும்புகிறவரின் சீட்டில் "ஐந்து நாள் கழித்து வரவும்" என்று எழுதியிருக்கும். எழுதியவருக்கு அது ஒரு வரி. இவருக்கோ போக ஒரு படகு, திரும்ப அடுத்த படகு, இடையில் தங்க இடம், ஒரு வாரக் கூலி. போய்ச் சேர்ந்தால் இரண்டு நிமிஷத்தில் தையலைப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். பாதிப் பேர் போகவே மாட்டார்கள், தையல் சீழ் பிடித்த பிறகு எங்களிடம் வருவார்கள். நான் ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டேன். "இவர் தீவில் வசிப்பவர். தையல், கட்டு, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றை இங்கேயே செய்துகொள்கிறோம். விவரம் எழுதி அனுப்பவும்." மேல்சிகிச்சைக்கு அனுப்புகிற ஒவ்வொரு கடிதத்திலும் அதைக் குத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் எழுத ஆரம்பித்தார்கள். ஒரு அறுவை மருத்துவர் தையலின் படத்தையே வரைந்து அனுப்பினார்.

நான் கிளம்பும்போது முத்திரையில் எழுத்துகள் தேய்ந்துவிட்டன. சிஸ்டர் புதிதாக ஒன்று செய்யக் கொடுத்திருந்தார். அதில் கீழே அவராகவே ஒரு வரி சேர்த்திருந்தார்: "படகு செவ்வாய், சனி மட்டும். காற்று இருந்தால் அதுவும் இல்லை."

வணக்கம்.