அம்பு பட்ட மான் எங்கே போனது? ஓடித் தேடுகிறவருக்கு அது ஏன் கிடைப்பதில்லை?

[திரையில்: இலையுதிர் காலக் காடு, மங்கும் வெளிச்சம். நாண் அதிரும் ஒலி மட்டும் கேட்கிறது.]

அம்பு பாய்ந்துவிட்டது. மான் ஒரே துள்ளலில் புதருக்குள் மறைந்துவிட்டது. பரண் மேல் இருக்கும் வேடருக்குக் கை நடுங்குகிறது. உடனே இறங்கி ஓட வேண்டும் என்று உடம்பு பரபரக்கிறது. இந்த நொடியில் இறங்கி ஓடுகிறவர் பல வேளைகளில் மானைத் தொலைத்துவிடுகிறார் என்பதும், அசையாமல் உட்கார்ந்திருப்பவரே அதைக் கண்டெடுக்கிறார் என்பதும் கேட்பதற்கு முரணாகத் தோன்றலாம். அந்த முரண்தான் இன்றைய வீடியோ.

அம்பு பட்ட மானைத் தேடுவது தமிழுக்குப் புதிய காட்சி அன்று. தினைப்புனத்தில் நிற்கும் தலைவியிடம் பேச்சுக் கொடுக்க வேறு வழி தெரியாத தலைவன், தன் அம்பு தைத்த கலைமான் இப்பக்கம் வந்ததா என்று கேட்பதற்கு அகத்துறையில் 'கலைமான் வினாதல்' என்றே பெயர் உண்டு. அவனுக்கு மான் வெறும் சாக்கு. நாம் பேசப்போவது உண்மையாகவே மானைத் தொலைத்தவர்களைப் பற்றி.

பின்னணியை விரைவாக முடித்துவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். வட அமெரிக்காவில் உரிமம் பெற்றவர்கள், அதற்கென ஒதுக்கப்பட்ட பருவத்தில், வெண்வால் மானை வில்லால் வேட்டையாடலாம். வேட்டையே சரியா தவறா என்ற வழக்கை இங்கே நடத்தப்போவதில்லை. அம்பை விட்ட பிறகு வேடருக்கு என்ன கடமை என்பது மட்டுமே கேள்வி.

[திரையில்: அகன்ற கத்தி முனை கொண்ட அம்பு, மிக அருகில்.]

அம்பு கொல்வது பெரும்பாலும் இரத்தப்போக்கால்தான். இரண்டு நுரையீரல்களையும் ஊடுருவிய அம்பு மானைச் சில நொடிகளில், வழக்கமாக நூறு மீட்டர் தொலைவுக்குள் வீழ்த்திவிடும். ஆனால் எல்லா அம்பும் வைத்த குறியில் போய்ச் சேருவதில்லை. மேரிலாந்து மாநிலத்தில் உள்ள ஒரு கடற்படைத் தளத்தில் பல ஆண்டுகள் திரட்டிய கணக்கின்படி, அம்பு பட்ட மான்களில் 18 விழுக்காடு வேடர்களின் கைக்குக் கிடைக்கவில்லை.

குறி தவறுவது எப்போதும் கையின் பிழை அன்று. நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு 30 மீட்டரைக் கடக்க 0.35 நொடி ஆகிறது. நாணின் ஒலியோ 0.09 நொடியில் மானின் காதுக்குப் போய்விடுகிறது. மிஞ்சிய கால் நொடியில், பாய்ந்து ஓடுவதற்காக மான் கால்களை மடக்கித் தாழ்கிறது. நெஞ்சுக்கு வைத்த குறி முதுகில் போய் விழுகிறது. ஆகவேதான் காதை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் மானின் மீதும், தொலைவில் நிற்கும் மானின் மீதும் அம்பு விடாமல் இருப்பதை வேட்டை அறத்தின் முதல் பாடமாக வைக்கிறார்கள்.

சரி, அம்பு போய்விட்டது. இனிக் காத்திருக்க வேண்டும். அம்புக்கு வெடியோசை கிடையாது என்பதால், தன்னைத் தைத்தது எது, எங்கிருந்து வந்தது என்பது மானுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. துரத்துபவர் எவரும் இல்லையென்றால், அது சிறிது தூரம் போய்ப் படுத்துவிடும். படுத்த இடத்திலேயே உயிர் அடங்கும். காலடி ஓசை கேட்டால் எழுந்து ஓடும், அந்த ஓட்டத்தில் அரை கிலோமீட்டரைக்கூடத் தாண்டிவிடும், பின்னால் ஒரு சொட்டு இரத்தம்கூடச் சிந்தாமல். நுரையீரலில் பட்டது உறுதி என்றாலே அரை மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள். கல்லீரல் என்றால் நான்கு முதல் ஆறு மணி நேரம். குடல் என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். லிஃப்ட் பொத்தானை இரண்டு முறை அழுத்துகிற எனக்கெல்லாம் இந்தத் தொழில் ஆகாது.

எங்கே பட்டது என்பதை அம்பே சொல்லிவிடும். இளஞ்சிவப்பாக, நுரை நுரையாக இருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். அம்பின் தண்டில் பச்சையும் பழுப்புமாகப் பிசுபிசுப்பு ஒட்டியிருந்து, மூக்கருகே கொண்டுபோனதும் புளித்த நாற்றம் அடித்தால் இரைப்பை அல்லது குடல். அப்போது சத்தமின்றி வந்த வழியே திரும்பிப் போய்விட வேண்டும்.

[திரையில்: வாடிய இலை ஒன்று, அதன் மேல் கடுகளவு இரத்தத் துளி.]

தேடத் தொடங்கியதும் கண் தரையில் மட்டும் இருந்தால் போதாது. புல் தண்டுகளில் இடுப்பு உயரத்தில் தீற்றியிருக்கும் கறை, காயம் எந்தப் பக்கம் என்பதைக் காட்டிக்கொடுக்கும். பரணிலிருந்து கீழ்நோக்கி விட்ட அம்பு மறுபுறம் வெளியேறாமல் நின்றுவிட்டால், இரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கும். வெளியே தடம் தெரியாததை வைத்து மான் பிழைத்துக்கொண்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கடைசியாகத் துளி கண்ட இடத்தில் ஒரு ரிப்பனைக் கட்டிவிட்டே அடுத்த அடி வைக்க வேண்டும்.

அந்தக் கடைசி ரிப்பனுக்கு அப்பால் மனிதக் கண்ணுக்கு வேலை இல்லை. இனி வருபவர்தான் இந்த வீடியோவின் உண்மையான கதாநாயகர். இவரைப் பற்றிச் சற்று அதிகமாகவே பேசப்போகிறேன், மன்னிக்கவும்.

[திரையில்: நீண்ட வாரில் கட்டிய, தரையிலிருந்து ஒரு சாண் உயரமே உள்ள டாக்ஸ்ஹுண்ட் நாய், மூக்கை மண்ணில் பதித்து நடக்கிறது.]

நாய் இரத்தத்தை மோந்துதான் போகிறது என்று நானும் நினைத்திருந்தேன். அது பாதி உண்மையே. மானின் பிளவுபட்ட குளம்பின் இரு விரல்களுக்கு இடையே ஒரு சுரப்பி இருக்கிறது. ஒவ்வோர் அடியிலும் அது மண்ணில் மணத்தைப் பதித்துவிட்டுப் போகிறது. அடிபட்ட மானின் மணம் மற்ற மான்களின் மணத்திலிருந்து மாறுபடுகிறது என்கிறார்கள் நாய் பழக்குபவர்கள். நல்ல நாய், குறுக்கே புதிதாக நான்கு மான்கள் நடந்து போயிருந்தாலும், அவற்றை விட்டுவிட்டு, முந்தைய நாள் மாலையில் போன அந்த ஒன்றின் சுவட்டையே பிடித்துக்கொண்டு போகும்.

இந்தக் கலையை நூற்றாண்டுகளாக வளர்த்தவர்கள் ஜெர்மானியர்கள். அவர்களுடைய வேட்டை மொழியில் அடிபட்ட விலங்கின் இரத்தத்துக்கு 'வியர்வை' என்று பெயர். இதற்கென்றே வளர்க்கப்பட்ட ஹனோவர் இனத்துக்கும் 'வியர்வை நாய்' என்றுதான் பெயர். அங்கே நடக்கும் தேர்வைக் கேளுங்கள்: 1000 மீட்டர் நீளத் தடத்துக்குக் கால் லிட்டர் இரத்தம் மட்டுமே தருவார்கள். கணக்குப் போட்டால் நான்கு மீட்டருக்கு ஒரு மில்லிலிட்டர், ஏறத்தாழ இருபது சொட்டு. தடத்தை இட்டு 20 மணி நேரமாவது, கடினமான பிரிவில் 40 மணி நேரமாவது, ஆன பிறகே நாயை விடுவார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு வகைத் தேர்வு: தடம் இடுபவர், அடியில் உண்மையான மான் குளம்புகளைப் பொருத்திய காலணியை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்து போவார். ஓர் அரசு அலுவலரைப் போன்ற பொறுப்பான முகத்துடன், மான் காலோடு நடந்து போகும் அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜெர்மனியின் வேட்டைச் சட்டம் மானை அம்பால் எய்வதைத் தடை செய்கிறது. வில்லை அனுமதிக்காத நாட்டில் உருவான நாயினங்களும் முறையும்தான் இன்று அமெரிக்காவில் வில்வேடர்களின் மானத்தைக் காப்பாற்றுகின்றன. ஆனால் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பல மாநிலங்களில் நாயை வாரில் பிடித்துக்கொண்டுதான் தேட வேண்டும். மான் அடுத்தவர் நிலத்துக்குள் போய்விட்டால், பல இடங்களில் உரிமையாளரிடம் கேட்டுவிட்டே வேலியைத் தாண்டலாம்.

அப்படியும் கிடைக்காவிட்டால்? அந்த மானையும் தமக்கு அனுமதித்த எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு, அந்தப் பருவத்துக்கு வில்லைக் கீழே வைத்துவிடும் வேடர்கள் உண்டு. பெரும்பாலான இடங்களில் சட்டம் அவர்களை அதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை. என் கருத்தில் அதுவே நேர்மையான கணக்கு. கைக்கு வராத மானும் அவர் அம்பு தைத்த மான்தானே.

[திரையில்: கடிகாரம். மாலை 6 மணி.]

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அம்பில் பச்சைப் பிசுபிசுப்பு இருக்கிறது. எட்டு மணிக்கு மழை என்கிறது வானிலை அறிக்கை. மழை தடத்தைக் கழுவிவிடும்; இப்போதே போனால் மான் எழுந்து ஓடிவிடும்; காலை வரை விட்டால் நரிகள் முந்திக்கொள்ளலாம், இறைச்சியும் கெடலாம். நானாக இருந்தால் விட்டுவிட்டு, விடியலுக்கு ஒரு நாயை ஏற்பாடு செய்வேன்; ஏனெனில் மழையில் கரைவது தடம் மட்டுமே, படுத்திருக்கும் மான் படுத்த இடத்திலேயே இருக்கும். நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். 'உடனே இறங்கித் தேடுவேன்' என்பவர்கள், லிஃப்ட் பொத்தானை எத்தனை முறை அழுத்துவீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதவும்.