வரிசையில் நிற்பவருக்கும் வசனம் கொடுங்கள்

(ஹட்டனில், நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாம் போடும் தேயிலைத் தோட்ட நாடகங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தொப்பியோடு ஒரு துரை, கோட்டும் தடியுமாக ஒரு கங்காணி, கூடையோடு விழுந்து அழ ஒரு பெண். பின்னால் பத்துப் பிள்ளைகள் சும்மா நிற்பார்கள். "இவங்க யாரு?" என்று கேட்டால், "அவங்க கூட்டம், சேர்" என்று பதில் வரும். எனக்கு இன்று அந்தப் பத்துப் பேரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கெட்டவனுக்கு வசனம் எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கும் அப்படித்தான். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறவருக்கு எழுதச் சொன்னால்தான் பேனா நிற்கும். ஏனென்றால் அந்த ஆளை நமக்கு நன்றாகத் தெரியும்.

1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் பெரும்பாலோரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கியது. 1952 தேர்தலில் நம் ஆட்களின் பெயர்கள் பெரும்பாலும் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. ஒருவரும் தெரிவாகவில்லை. அடுத்து மக்கள் வாக்கால் ஒருவர் நாடாளுமன்றம் போக 1977 ஆயிற்று. பாடப்புத்தகம் இவ்வளவோடு முடித்துக்கொள்ளும். சட்டத்துக்குக் கை தூக்கியவர்கள் இருந்தார்கள், தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தைப் போல எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் தேர்தல் நாளில், இத்தனை காலம் தன் கடைக்கு வந்துபோன தோட்டத்து ஆள் வாக்குப்போட வராததைப் பார்த்தும், தன் வாக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன டவுன்காரர் ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? அவரை மேடையில் ஏற்றுங்கள். வரலாற்றுப் பாடமே வேறு மாதிரி ஆகிவிடும்.

சரி, எப்படி ஏற்றுவது? பிரேசில் நாட்டின் அகஸ்தோ போவால், நாடுகடத்தப்பட்டிருந்த 1970களில் ஒரு முறையை வளர்த்தெடுத்தார். கருத்துக்கள அரங்கு என்று சொல்லலாம். அநியாயத்தில் முடியும் ஒரு சின்னக் காட்சியை ஒருமுறை முழுதாக நடித்துக் காட்டுவார்கள். அப்புறம் திரும்ப ஆரம்பிப்பார்கள். பார்ப்பவரில் ஒருவர் "நிறுத்துங்க" என்று சொல்லி உள்ளே வந்து, ஒரு பாத்திரத்தின் இடத்தை எடுத்து, வேறு விதமாக நடந்து காட்டலாம். தோட்டத்தில் ஊரே சேர்ந்து ஆடும் காமன் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆடுபவர், பார்ப்பவர் என்ற கோடு அழிவது பெரிய அதிசயமில்லை.

நான் செய்யும் காட்சி இது. டவுனில் ஓர் அலுவலக கவுண்டர். பிறப்புச் சான்றிதழ் எடுக்க ஒரு தோட்டத்துத் தாய் முதலாவதாக நிற்கிறார். எழுதுவினைஞர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தோட்டமா? அந்தப் பக்கம் போய் நில்லு" என்கிறார். பின்னால் ஒரு கடைக்காரர், ஒரு டீச்சர், ஒரு மாணவன். மூவரும் வாய் திறப்பதில்லை. தாய் ஓரமாகப் போகிறார், வரிசை ஓர் அடி முன்னே நகர்கிறது.

போவாலின் முறையில் வழக்கமாக ஒடுக்கப்பட்டவரின் இடத்தில்தான் ஏறுவார்கள். நான் வரிசையில் நிற்பவரின் இடத்தில் ஏறச் சொல்கிறேன். தைரியமாக இரு என்று அந்தத் தாய்க்கு எல்லாரும் சொல்லியாயிற்று. முதலில் ஏறும் பையன்கள் சினிமா வசனம் பேசுவார்கள், எழுதுவினைஞரை அடிக்கவும் போவார்கள். போகட்டும், சிரிப்போடு அது அடங்கிவிடும். பிறகு ஒரு பிள்ளை ஏறி, நகர்ந்த வரிசையில் நகராமல் நின்று, "அந்த அம்மா எனக்கு முன்னுக்கு வந்தவங்க, அவங்க வேலய முடிச்சிட்டு எனக்குப் பாருங்க" என்று சொன்னது. கத்தவில்லை, பிரசங்கமும் இல்லை. எழுதுவினைஞராக நடித்த பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பின்னால் நின்ற கடைக்காரரும் "ஆமா, ஆமா" என்றார்.

அதைவிட முக்கியம், பேசாமல் நின்றவர்களை நாற்காலியில் உட்காரவைத்து வகுப்பே கேள்வி கேட்பது. பாத்திரத்தில் இருந்தபடியே பதில் சொல்ல வேண்டும். கடைக்காரர் சொன்னார்: "நாளைக்கு எனக்கும் இங்க வேலை இருக்கு." மாணவனாக நின்றவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் லயம்தான். பேசினா தெரிஞ்சிரும்" என்றான். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுதான் லயம். மௌனத்தை வெறும் கோழைத்தனம் என்று எழுதும் எந்த நாடகத்துக்கும் இந்தப் பதில் கிடைக்காது. மலையில் வாய் திறப்பதற்கு ஒரு விலையும் உண்டு. கொழுந்து நிறுவையில் கிலோ குறைத்ததைக் கேட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழலாம் என்று அம்மா பயப்படுவது பிள்ளைக்குத் தெரியும். அந்த விலையையும் காட்சிக்குள் கொண்டுவாருங்கள்.

1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் அயோவாவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை கண் நிறத்தால் வகுப்பைப் பிரித்து, ஒரு பக்கத்தைத் தாழ்த்தி நடத்தினார். பலர் அதைப் புகழ்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பிள்ளைகள் நடிக்கவில்லை, டீச்சர் சொன்னதை நம்பினார்கள். நாடகத்தில் இது வேடம் என்று எல்லாருக்கும் தெரியும், வேண்டாமென்றால் வெளியே வரலாம். அதனால்தான் தாயின் வேடத்தைத் தோட்டத்துப் பிள்ளைக்கே கொடுக்காதீர்கள் என்கிறேன். அந்தப் பிள்ளை எழுதுவினைஞராக நிற்கட்டும்.

இன்னொன்று. அநியாயம் எப்போதும் டவுனிலிருந்தோ வேறு மொழி பேசுபவரிடமிருந்தோ வருவதாகக் காட்டுவது நமக்குச் சுகம். லயத்துக்குள்ளேயே யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் கூடாது என்ற கணக்கு இருக்கிறதே? "தோட்டத்துப் பிள்ளைகள்னா இப்படித்தான்" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொல்லும்போது நாம் கொப்பி திருத்திக்கொண்டிருக்கிறோமே? பிள்ளைகளிடம் கேட்பதற்கு முன் அந்த அறையை நாம் ஒருமுறை நடித்துப் பார்க்கலாம்.

அதற்குத்தான் அடுத்த ஒரு மணித்தியாலம். கதிரைகளைச் சுவரோரமாகத் தள்ளிவிடுங்கள். ஒரு மேசையும் ஒரு கொப்பிக் கட்டும் வேண்டும். அந்த வசனத்தைச் சொல்ல ஒருவர் வாருங்கள். மற்ற எல்லாரும் கொப்பி திருத்துபவர்கள்.